அப்டேட்டுக்குப் பிறகு ஃபைலைக் காணோமா? முதலில் கையை எடுங்கள்

போன மாதம் ஒரு புதன்கிழமை காலை, கடையைத் திறந்து சாம்பிராணிகூடப் போடவில்லை, மேலூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த ஒரு கல்லூரித் தங்கை மடிக்கணினியை மேசையில் வைத்தாள். "அண்ணே, ராத்திரி அப்டேட்டுன்னு வந்துச்சு, சரின்னு விட்டுட்டுத் தூங்கிட்டேன். காலையில பாத்தா டெஸ்க்டாப்ல ஒண்ணுமே இல்லண்ணே. ப்ராஜெக்ட் ரிப்போர்ட் மொத்தமும் போயிருச்சு." கை நடுங்கிக்கொண்டிருந்தது. அதுக்கப்புறம் என்னம்மா செஞ்ச என்று கேட்டேன். "ஒண்ணும் செய்யலண்ணே, பயந்து ஆஃப் பண்ணி எடுத்துட்டு வந்துட்டேன்." அந்தப் பதிலிலேயே எனக்குப் பாதி வேலை முடிந்துவிட்டது. முக்கால் மணி நேரத்தில் அவள் ரிப்போர்ட், படங்கள், போன வருட நோட்ஸ் வரை எல்லாம் ஒரு பென்டிரைவில் ஏறிவிட்டன.

சிம்மக்கல் பக்கம் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கணினி பழுதுபார்ப்பது என் தொழில் இல்லை, ஆனால் கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் அப்படியே "இதையும் கொஞ்சம் பாருங்களேன்" என்று மடிக்கணினியை நீட்டி நீட்டிப் பழகிவிட்டது. இத்தனை வருடத்தில் என் மேசைக்கு வந்தவற்றில் பெரும்பாலும் நான் பார்த்தது இதுதான்: அப்டேட்டுக்குப் பிறகு காணாமல் போன ஃபைல் அழிந்திருக்காது, இடம் மாறியிருக்கும். அதை நிஜமாகவே அழிப்பது, அடுத்த ஒரு மணி நேரத்தில் பதற்றத்தில் நாம் செய்யும் காரியங்கள். அதனால் வரிசை முக்கியம். முதலில் ஃபைல், அப்புறம்தான் கணினி.

இதை நான் நல்ல விலை கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். சில வருடங்களுக்கு முன் ஒரு அப்டேட்டுக்குப் பிறகு என் சொந்தக் கணினி எழவில்லை. ஆவணி முகூர்த்தச் சமயம், பத்திரிகை வேலை குவிந்து கிடந்தது, நானே உட்கார்ந்து பார்க்க நேரமில்லாமல் ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்தேன். சாயங்காலம் புதுசு மாதிரி ஓடியது. ஃபார்மேட் செய்து விண்டோஸை மறுபடி ஏற்றியிருந்தார்கள். அப்பாவின் கடைசி இரண்டு வருடப் படங்கள் அதில்தான் இருந்தன. அந்தக் கடைக்காரத் தம்பியைக் குறை சொல்ல முடியாது. "ஓடணும்" என்று சொன்னேனே தவிர "ஃபைல் வேணும்" என்று நான் சொல்லவில்லை.

கையை எடுக்கச் சொல்வது ஏன்

ஹார்டு டிஸ்க்கில் ஒரு ஃபைல் அழிந்தது என்றால் வீட்டை இடித்துவிட்டார்கள் என்று பொருளில்லை. வாசலில் இருந்த பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டு 'டு லெட்' போர்டு மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். உள்ளே சாமான் அப்படியே கிடக்கும். வேறு யாராவது குடி வரும்வரைதான் அந்தச் சாமானுக்கு ஆயுள். நீங்கள் இறக்கும் ரெக்கவரி சாஃப்ட்வேர், போட்டுப் பார்க்கும் கிளீனர், ஏன், பிரவுசரில் பத்துப் பக்கம் திறந்து வழி தேடுவதுகூட அந்தக் காலி வீட்டுக்குப் புதிய ஆளைக் குடிவைக்கிற காரியம்தான். ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகச் சுழலும் தட்டில்லாத எஸ்எஸ்டி இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அதில் டிரிம் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. அழிந்த ஃபைல் இருந்த இடத்தைக் கணினி தானாகவே கழுவித் துடைத்துவிடும், பல நேரம் சில நிமிடங்களிலேயே. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பழைய மடிக்கணினிகளில் ஹார்டு டிஸ்க் இருப்பதால் அவற்றில் மீட்க வாய்ப்பு அதிகம், இப்போது வாங்கும் மெல்லிய மடிக்கணினிகளில் குறைவு.

ஆக, ஃபைலைக் காணோம் என்று தெரிந்ததும் எதையும் இன்ஸ்டால் செய்யாதீர்கள், எதையும் சேமிக்காதீர்கள், டிஸ்க் கிளீனப் பக்கமே போகாதீர்கள். அப்டேட் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் நடுவில் நிறுத்தக்கூடாது. முடிந்துவிட்டதென்றால் ஷட் டவுன் செய்துவிட்டு, இதைப் போனில் படித்துக்கொண்டே அடுத்த படிக்கு வாருங்கள். ஒரு காலிப் பென்டிரைவோ வெளி ஹார்டு டிஸ்க்கோ பக்கத்தில் இருக்கட்டும்.

எங்கெங்கே தேடுவது

முதலில் பார்க்க வேண்டியது, நீங்கள் உங்கள் வீட்டுக்குள்தான் இருக்கிறீர்களா என்பதை. அப்டேட்டுக்குப் பிறகு சில சமயம் விண்டோஸ் உங்கள் கணக்கைச் சரியாகத் திறக்க முடியாமல் தற்காலிகமாக ஒரு வெற்றுக் கணக்கில் உங்களை உட்கார வைத்துவிடும். வால்பேப்பர் மாறியிருக்கும், டெஸ்க்டாப் காலியாக இருக்கும், வலது கீழ் மூலையில் டெம்பரரி புரொஃபைல் என்று ஒரு அறிவிப்பு வந்து போகும். மேலூர்த் தங்கைக்கு நடந்தது இதுதான். 2020 பிப்ரவரியில் வந்த ஒரு விண்டோஸ் 10 அப்டேட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் இப்படி ஆனது. அவர்களுடைய ஃபைல்கள் பெயர் மாற்றப்பட்ட ஒரு ஃபோல்டருக்குள் பத்திரமாக இருந்தன. இந்த வெற்றுக் கணக்கில் உட்கார்ந்து எதையும் டைப் செய்து சேமிக்காதீர்கள், சைன் அவுட் ஆனதும் அது போய்விடும்.

ஒன்றிரண்டு முறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள், அதிலேயே பழைய கணக்கு திரும்பி வருவதுண்டு. வராவிட்டால் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து திஸ் பிசி, சி டிரைவ், யூசர்ஸ் என்று உள்ளே போங்கள். அங்கே உங்கள் பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும், அதே பெயரோடு புள்ளி வைத்து மூன்று பூஜ்யம் சேர்ந்து இன்னொன்று இருக்கலாம், ஆங்கிலத்தில் பி, ஏ, கே என்ற மூன்று எழுத்தில் முடிகிற ஒன்றும் இருக்கலாம். ஒவ்வொன்றாகத் திறந்து அதற்குள் டெஸ்க்டாப், டாகுமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் நான்கையும் பாருங்கள். அனுமதி கேட்டால் கன்டினியூ கொடுக்கலாம். கிடைத்தவுடனே கட் செய்யாமல் காப்பி செய்து பென்டிரைவில் போடுங்கள். கல்யாண வீடியோ மாதிரி 4 ஜிபிக்கு மேல் பெரிய ஃபைல், எஃப்ஏடி32 என்ற பழைய சேமிப்பு முறையில் இருக்கும் பென்டிரைவில் ஏறாது. இடம் இருந்தும் ஃபைல் மிகப் பெரிது என்று சொன்னால் காரணம் அதுதான், வேறு காலிப் பென்டிரைவை எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றிப் பயன்படுத்துங்கள்.

எல்லாம் வெளியே வந்த பிறகு பழைய கணக்கைச் சரிசெய்ய, விண்டோஸின் உள் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரியைத் திருத்தும் வழி ஒன்று உண்டு, ஆனால் புதியவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை. புதிதாக ஒரு யூசர் கணக்கு தொடங்கி, ஃபைல்களை அதில் கொண்டுபோய் வைப்பது பாதுகாப்பு.

அடுத்து ஒன்டிரைவ், அதாவது இணையத்தில் ஃபைல்களைச் சேமித்து வைக்கும் மைக்ரோசாஃப்டின் சேவை. அப்டேட் முடிந்ததும் "உங்கள் ஃபோல்டர்களைப் பேக்கப் செய்யவா" என்கிற மாதிரி ஒரு திரை வரும், அவசரத்தில் நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று தட்டிவிட்டிருப்போம். அப்போது உங்கள் டெஸ்க்டாப்பும் டாகுமெண்ட்ஸும் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் குடிபெயர்ந்துவிடும். இலவச இடம் 5 ஜிபிதான், நிரம்பியதும் எச்சரிக்கை வரும், எரிச்சலில் ஒன்டிரைவை நிறுத்துவோம், உடனே டெஸ்க்டாப் காலி. பதற வேண்டாம். யூசர்ஸில் உங்கள் பெயருக்குள் ஒன்டிரைவ் என்ற ஃபோல்டரைப் பாருங்கள், பிறகு போனிலிருந்தே ஒன்டிரைவ் இணையதளத்தில் உங்கள் கணக்கில் நுழைந்து பாருங்கள். அங்கே தனியாக ஒரு ரீசைக்கிள் பின் உண்டு, அழித்தவை 30 நாள் வரை அதில் இருக்கும். நிறையப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

மூன்றாவது இடத்துக்கு நாள் கணக்கு இருக்கிறது, அதனால் தள்ளிப்போடாதீர்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்ததையொட்டி ஏராளமானோர் 11-க்கு மாறினார்கள். இப்படிப் பெரிய பதிப்பு மாற்றம் நடக்கும்போது பழைய விண்டோஸ் முழுவதையும் சி டிரைவில் விண்டோஸ்.ஓல்ட் என்ற ஃபோல்டரில் போட்டு வைப்பார்கள். மாதாமாதம் வரும் சின்ன அப்டேட்டுக்கு இது வராது. பொதுவாக 10 நாள்தான், அதன் பிறகு தானாக அழிந்துவிடும். அதற்குள் அதைத் திறந்து, யூசர்ஸ், உங்கள் பெயர் என்று போய் வேண்டியதைக் காப்பி எடுங்கள். இடம் போதவில்லை என்று கணினி கெஞ்சினாலும் டிஸ்க் கிளீனப்பில் பழைய விண்டோஸ் இன்ஸ்டாலேஷன் என்ற வரியை மட்டும் டிக் செய்துவிடாதீர்கள்.

நிஜமாகவே அப்டேட் ஃபைலை அழித்த நிகழ்வும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. 2018 அக்டோபர் 2-ஆம் தேதி வெளியான விண்டோஸ் 10 அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் சில நாட்களிலேயே நிறுத்திவைத்தது, திருத்தி நவம்பர் 13-ல்தான் மறுபடி வெளியிட்டது. டாகுமெண்ட்ஸ் மாதிரியான ஃபோல்டர்களின் இருப்பிடத்தை வேறு டிரைவுக்கு மாற்றியிருந்தவர்களுக்கு, பழைய இடத்தில் மிச்சம் கிடந்த ஃபைல்கள் அந்த அப்டேட்டில் அழிந்தன. நம் ஊரில் அசெம்பிள் செய்த கணினிகளில் "சி டிரைவ்ல வைக்காதீங்க, டிக்கு மாத்திக்கங்க" என்று டாகுமெண்ட்ஸை டி டிரைவுக்கு மாற்றிக் கொடுப்பது சாதாரண வழக்கம். நல்ல வழக்கம்தான். மாற்றும்போது பழைய இடத்தில் ஒரு ஃபைல்கூட மிச்சம் விடாமல் நகர்த்திவிட வேண்டும், அதை மட்டும் மறக்காதீர்கள்.

ராத்திரி வேர்டு திறந்தபடி இருக்கும்போது கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகியிருந்தால் வேர்டிலேயே ஃபைல், இன்ஃபோ, மேனேஜ் டாகுமெண்ட் என்று போய் ரெக்கவர் அன்சேவ்டு டாகுமெண்ட்ஸ் பாருங்கள்.

தமிழ் எழுத்து சிதறியிருந்தால்

இது என் தொழில், கொஞ்சம் நின்று சொல்கிறேன். "அண்ணே, ஃபைல் இருக்கு, ஆனா கரப்ட் ஆயிருச்சு, இங்கிலீஷ் எழுத்தும் செமிகோலனுமா வருது" என்று பதறிக்கொண்டு வருவார்கள். ஃபைலுக்கு ஒன்றும் ஆகவில்லை. பாமினி, வானவில், செந்தமிழ் மாதிரி பழைய எழுத்துருக்களில் அடித்த ஃபைலில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துரு அதன்மேல் தமிழ் முகத்தை மாட்டிக் காட்டுகிறது. எழுத்துரு போய்விட்டால் உள்ளே இருப்பது அப்படியே தெரியும். தமிழக அரசு 2010-லேயே எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடை ஏற்று ஆணை போட்டுவிட்டது, ஆனாலும் பத்திரிகை, நோட்டீஸ் வேலைகளில் பழைய எழுத்துருக்கள் இன்னும் புழங்குகின்றன. 2001-க்குப் பிறகு புதிய பதிப்பே வராத, பக்கம் வடிவமைக்கும் சாஃப்ட்வேரான பேஜ்மேக்கரை இன்னும் பயன்படுத்துகிற கடைகள் மதுரையில் இருக்கின்றன, என் கடையும் அதில் ஒன்று.

இங்கே ஒரு நுணுக்கம். இப்போதைய விண்டோஸில் எழுத்துரு ஃபைலை இரண்டு முறை தட்டி இன்ஸ்டால் கொடுத்தால் அது கணினி முழுவதற்கும் சேராது, உங்கள் கணக்குக்கு மட்டும்தான் சேரும். கணக்கு மாறினால் எழுத்துருவும் காணாமல் போகும். அதனால் எழுத்துரு ஃபைல் மேல் வலது கிளிக் செய்து இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ் கொடுங்கள். பழைய எழுத்துரு எங்கே என்றால், முன்பு சொன்ன பழைய யூசர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபாண்ட்ஸ் என்று இறங்கிப் போனால் கிடைக்கும். ஆப்டேட்டா மறைந்திருக்கும், வியூ மெனுவில் ஹிடன் ஐட்டம்ஸ் டிக் செய்தால் தெரியும். கரப்ட் ஆகிவிட்டது என்று நினைத்து மறுபடி உட்கார்ந்து நாற்பது பக்கம் டைப் செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், அது மனதுக்குக் கஷ்டமாக இருக்கும்.

நிஜமாகவே அழிந்திருந்தால்

மேலே சொன்ன எங்கும் இல்லை, ரீசைக்கிள் பின்னிலும் இல்லை என்றால்தான் ரெக்கவரி சாஃப்ட்வேர். ரெகுவா, ஃபோட்டோரெக் இரண்டும் இலவசமாகக் கிடைப்பவை. மைக்ரோசாஃப்டே விண்டோஸ் ஃபைல் ரெக்கவரி என்று ஒன்றை ஸ்டோரில் இலவசமாக வைத்திருக்கிறது, ஆனால் அதில் கறுப்புத் திரையில் கட்டளை அடிக்க வேண்டும், ஸ்டோரிலிருந்து இறக்கினால் சி டிரைவில்தான் போய் உட்காரும்; அதனால் தொலைந்தது டி டிரைவில் என்றால் மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். சி டிரைவில் தொலைந்ததற்கு வேறொரு கணினியில் ரெகுவாவின் போர்ட்டபிள் பதிப்பைப் பென்டிரைவில் இறக்கி, பென்டிரைவிலிருந்தே ஓட்டுங்கள். கிடைப்பதை எந்த டிரைவில் தேடுகிறீர்களோ அதே டிரைவில் ஒருபோதும் சேமிக்காதீர்கள். ஃபோட்டோரெக் பழைய பெயர்களைத் தராது, எண்களாகப் பெயர் வைத்துக் கொட்டிவிடும், ஆயிரம் படங்களை உட்கார்ந்து பிரிக்கப் பொறுமை வேண்டும்.

ஹார்டு டிஸ்க் டக் டக் என்று சத்தம் போட்டால் இதெல்லாம் செய்யாதீர்கள். அது அப்டேட் கோளாறே இல்லை, டிஸ்க்குக்கே உடம்பு சரியில்லை. மின்சாரத்தை நிறுத்திவிட்டு டேட்டா ரெக்கவரி மட்டுமே செய்கிறவர்களிடம் கொடுங்கள்.

கணினியே எழவில்லை என்றால்

முதலில் காத்திருங்கள். பழைய ஹார்டு டிஸ்க் கணினியில் பெரிய அப்டேட் இரண்டு மூன்று மணி நேரம்கூட இழுக்கும். சதவீத எண் நகராவிட்டாலும் டிஸ்க் விளக்கு மினுங்கினால் வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

நீலத் திரையில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் ஏற்பாடு) என்று போட்டு ஒரு சாவி கேட்டால், அது 48 இலக்க எண். 2024 ஜூலை அப்டேட்டுக்குப் பிறகு சிலருக்கு இந்தத் திரை வந்தது, கணினியைத் தொடக்கி வைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸின் அப்டேட்டுக்குப் பிறகும் வரலாம். எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கை வைத்து அந்தக் கணினியைத் தொடங்கினீர்களோ அதில் போனிலிருந்து நுழைந்து, டிவைசஸ் பகுதியில் உங்கள் கணினியைத் தேர்ந்தால் சாவி இருக்கும். திரையில் தெரியும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்துகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடையில் வேறு யாருடைய மின்னஞ்சலையாவது போட்டுத் தொடங்கியிருந்தால் அவரைத்தான் தேட வேண்டும். சாவி கிடைக்காமல் ஃபார்மேட் செய்ய ஒத்துக்கொள்ளாதீர்கள். செய்தால் ஃபைல் நிரந்தரமாகப் போய்விடும்.

சாவி கேட்காமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால், ஆன் செய்து லோகோ வந்ததும் பவர் பொத்தானை விடாமல் பத்து நொடி அழுத்தி அணையுங்கள். இப்படி இரண்டு முறை செய்தால் மூன்றாம் முறை அதுவாகவே ரிப்பேர் திரைக்குப் போகும். வேறு வழியில்லாதபோது மட்டும் செய்ய வேண்டியது இது. அங்கே டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ். மாதாந்திர அப்டேட் என்றால் குவாலிட்டி, பதிப்பு மாற்றம் என்றால் ஃபீச்சர் என்று தேர்ந்தெடுங்கள். அதே இடத்தில் ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ் வழியாக, அத்தியாவசியமானவற்றை மட்டும் வைத்து விண்டோஸ் எழும் சேஃப் மோடுக்கும் போகலாம், அதில் எழுந்தால் உடனே ஃபைலைக் காப்பி எடுத்துவிடுங்கள்.

எதற்கும் மசியவில்லை என்றால், விண்டோஸ் மாதிரியே இன்னொரு இயங்குதளமான லினக்ஸ் மின்ட் போட்ட பென்டிரைவில் கணினியைத் தொடங்கி, இன்ஸ்டால் எதுவும் கொடுக்காமல் சும்மா ஓட்டிப் பார்க்கும் நிலையிலேயே டிஸ்க்கைத் திறந்து காப்பி எடுக்கலாம். பிட்லாக்கர் பூட்டு இல்லாத கணினிகளில் இது பல தடவை எனக்குக் கைகொடுத்திருக்கிறது.

ஃபைல் வெளியே வந்தாயிற்று, இனி கணினி

இப்போது தைரியமாகக் கை வைக்கலாம். பிரிண்டர், வைஃபை, சத்தம் எதுவாவது வேலை செய்யவில்லை என்றால் டிவைஸ் மேனேஜரில் அதன் பிராப்பர்ட்டீஸ், டிரைவர் பகுதியில் ரோல் பேக் டிரைவர் பாருங்கள். கணினி மந்தமாக, தாறுமாறாக இருந்தால் ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்து டெர்மினல் அட்மின் திறந்து, ஆங்கிலத்தில் எஸ், எஃப், சி என்ற மூன்று எழுத்து, ஒரு இடைவெளி, ஒரு சாய்கோடு, அதை ஒட்டி ஸ்கேன்நவ் என்று சேர்த்து அடித்து என்டர் தட்டுங்கள். கெட்டுப்போன விண்டோஸ் ஃபைல்களை அதுவே சரிசெய்யும். அதிலும் தீராவிட்டால் விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரியில் விண்டோஸ் அப்டேட் வழியாகவே சரிசெய்யும் ரீஇன்ஸ்டால் நவ் பொத்தான் இருக்கிறது. ஃபைல், சாஃப்ட்வேர் இரண்டும் தங்கும். ரீசெட் திஸ் பிசி கடைசி வழி. அதில் கீப் மை ஃபைல்ஸ் கொடுத்தாலும் சாஃப்ட்வேர் எல்லாம் போய்விடும், உங்கள் பழைய பேஜ்மேக்கர் சிடி கையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

மாதாந்திர அப்டேட் ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியாகிறது, நம் நேரத்துக்கு இரவு பத்தரை அல்லது பதினொன்றரை. புதன்கிழமை காலையில் என் கடையில் கூட்டம் சேர்வது அதனால்தான். மறுநாள் பரீட்சையோ டெலிவரியோ இருந்தால் செட்டிங்ஸில் பாஸ் அப்டேட்ஸ் கொடுத்து ஐந்து வாரம் வரை தள்ளி வைக்கலாம். ஒரேயடியாக நிறுத்தச் சொல்லமாட்டேன், அது கதவைத் திறந்துபோட்டுத் தூங்குவது. மின்வாரியம் பராமரிப்புக்காக மின்தடை அறிவித்த நாளில் யுபிஎஸ் இல்லாத கணினியில் அப்டேட்டைத் தொடங்காதீர்கள். பிட்லாக்கர் சாவியைத் தாளில் எழுதி ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் வையுங்கள். ஃபைலை இரண்டு இடத்தில் வையுங்கள், அதில் ஒன்று கணினியோடு எப்போதும் செருகியிருக்கக் கூடாது.

இதையெல்லாம் தாண்டி சர்வீஸுக்குக் கொடுக்க வேண்டி வந்தால், வாயால் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். ஒரு வெள்ளைத்தாளில் "ஃபைல் முக்கியம். என்னைக் கேட்காமல் ஃபார்மேட் செய்யக்கூடாது" என்று பெரிதாக எழுதி, கீழே போன் நம்பர் போட்டு மடிக்கணினியின் மூடி மேல் டேப் வைத்து ஒட்டிக் கொடுங்கள், ரசீதிலும் அதே வரியை எழுதி வாங்குங்கள். என் மேசையில் தீராத மடிக்கணினிகளை நான் இப்படித்தான் அனுப்புகிறேன். அந்தத் தாளை ஒரு கட்டு அடித்து கல்லாவுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.